சங்குக்குப் பூட்டன்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் பூட்டனார் முகமே எனக்குத் தெரியாது. தூத்துக்குடி ஆய்வகம் ஒன்றில் பிளாரன்ஸ் என்றொருத்தி சங்கின் பூட்டனையே வரைந்துவிட்டாள் என்றால் வயிறு எரியாதா?

‘1974. கடல் நீலமாக’ என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். கடலின் நிறம் தெரியாதவர்களா நீங்கள்.

2

பிளாரன்ஸுக்குத் தற்காலிக வேலை. படம் தேறினால் நிரந்தரமாகும். இல்லையென்றால் பழையபடி கப்பல் ஆபீசில் டைப் அடிக்க வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வரும்.

இன்றைய சங்குகளுக்கெல்லாம் மூதாதையான அந்தப் பூட்டனை வரையும் வழி இதுதான்: இன்றிருக்கும் ஐந்து வகைச் சங்குகளை அளந்து, வம்ச மரத்தின் நுனிகளில் எழுத வேண்டும். கிளைகள் சேருமிடமெல்லாம் சராசரி போட்டு, கிட்டத்து உறவுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்து இறங்கினால், அடிமரத்தில் பூட்டன் நிற்பான்.*

கடலில் எடுத்த சங்கையெல்லாம் சேர்த்துவைக்கும் சர்க்கார் கிட்டங்கியில் முந்நூறு சங்குகளை அளந்தாள். பூட்டன் பெரும் தொந்தியோடு வந்தான். அந்தத் தொந்தியைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினாள்.

*(உங்கள் குடும்பத்தில் செய்து பார்க்காதீர்கள். எனக்குச் சித்தப்பாவின் மூக்குதான் வந்தது.)

3

சனிக்கிழமை, சங்கு குளிக்கும் மரியான் வந்தார். அவள் அப்பாவின் கூட்டாளி. [முதலில் இவரை ஞானியாக்கினேன். ‘அவர் கண்களில் ஆழ்கடலின்’ — வேண்டாம், ஞானியானதும் மனுஷன் வாயே திறக்கவில்லை.]

படத்தைப் பார்த்தார்.

“இது என்னளா, பிள்ளத்தாச்சியா?”

“சங்குக்குப் பூட்டன், மாமா.”

“எங்கன வச்சு அளந்த?”

“கிட்டங்கியிலதான்.”

மரியான் சிரித்த சிரிப்பில் அவரே நாற்காலியைத் தேடி உட்கார வேண்டியதாயிற்று.

“ஏளா, பித்தள வளையத்துல போட்டுப் பாத்து, நுழையுற ஒல்லியெல்லாம் கடல்லயே திருப்பிப் போடணும். சர்க்கார் உத்தரவுல்லா. வளையத்துல சிக்குன குண்டனுவதான் கிட்டங்கிக்கு வாரான். நீ அவனுவள மட்டும் அளந்திருக்க.”

பிளாரன்ஸ் படத்திலிருந்த தொந்தியைக் கையால் மறைத்துப் பார்த்தாள்.

4

திங்கள் காலை, படத்தைப் பார்த்து வேலையை முடிவுசெய்யச் சென்னைப் பேராசிரியர் வருகிறார். ஞாயிறே கடலுக்குப் போய் ஒல்லிகளை அளந்துவிட்டாள் என்று எழுதிப் பார்த்தேன். மாதா கோயில் பூசை நாளில் எவர் வள்ளம் இறக்குவார்? மரியான் என் காகிதத்திலிருந்தே எழுந்து போய்விட்டார்.

படத்தைக் கிழித்தாள் என்றும் எழுதினேன். அவள் கிழிக்கவில்லை, நான்கு மாத உழைப்பு.

5

திங்கள். பேராசிரியர் படத்தைத் தூக்கிப் பிடித்து ரசிக்கிறார். “இந்தத் தொந்திதாம்மா கண்டுபிடிப்பே” என்கிறார். நியமனத் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறக்கிறார்.

“சார், ஒரு நிமிஷம்,” என்கிறாள் பிளாரன்ஸ்.

இதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள். அவள் இடத்தில் நானாக இருந்தால், “மேசை ஆடுது சார், இங்கன வச்சு எழுதுங்க” என்றுதான் சொல்லியிருப்பேன். அவளுக்குரிய வாக்கியம் என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள், அவர் கையெழுத்துப் போடப் போகிறார்.