நீட்டிய கை

மார்ச் 8, சனி. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். கை குலுக்கும்போது நடந்தது.

நாட்குறிப்பில் இப்படி எழுதிவிட்டு, ‘சிறு’ என்பதை அடித்தாள் அவள். மாலை வகுப்பில் கணக்கும் மற்ற நேரமெல்லாம் சந்தேகமுமாக வாழ்பவள். எதையும் நிறுத்துப் பார்த்தே செய்வதால் தம்பி வைத்த பெயர் ‘தராசு’.

பதினெட்டு வயதுக்குட்பட்டோர் சதுரங்கப் போட்டியில் இன்று வென்றால் மாவட்ட அணியில் இடம் நிச்சயம் என்றிருந்தது. எதிரே ‘மின்னல்’. காயைச் சட்டென்று நகர்த்திவிட்டு ஜன்னலை வேடிக்கை பார்ப்பவன். இன்று அந்த அவசரத்தில் ஒரு குதிரையைக் கோட்டைவிட்டான். தராசு ஒவ்வொரு நகர்வையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்து, ஒரு சிப்பாயை எல்லைக் கட்டத்தின் வாசல்வரை தள்ளிக்கொண்டு போனாள். அடுத்த நகர்வில் அது ராணியாகிவிடும். மின்னல் பலகையை வெறித்தான். பிறகு கையை நீட்டினான்.

அவன் தோல்வியை ஒப்புக்கொண்டது கூடத்தில் எல்லோருக்கும் புரிந்தது, அவளைத் தவிர. தன்னிடமும் ஒருவன் தோற்பான் என்பது அவள் கணக்கிலேயே கிடையாது. இவ்வளவு பெரிய ஆட்டக்காரன் கை நீட்டினால் சமன்தான் கேட்கிறான். தான் பார்க்காத ஏதோ ஒன்று பலகையில் இருக்கிறது. தேடினாள். கிடைத்தும் விட்டது.

“ஆமா, உங்க யானை பின்னால வந்து விடாம செக் வைக்கும்ல? ஆட்டம் முடியவே முடியாது. சரி, டிரா” என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

மின்னல் தன் யானையைப் பார்த்தான். யானைக்கே அது புதுச் செய்தி போலிருந்தது. “ம்... சரி” என்றான். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே தம்பி தலையில் அடித்துக்கொண்டான். “அக்கா, அவன் தோத்துட்டேன்னு கை குடுத்தான். நீ பாடம் நடத்தி அரைப் புள்ளியும் கட்டிக் குடுத்து அனுப்புற!”

மின்னலைத் தேடிப் பிடித்தாள். “தோத்துட்டேன்னுதாங்க நீட்டினேன். நீங்களே டிரான்னதும், வேணாம்னு சொல்ற அளவுக்கு எனக்குப் பெரிய மனசு இல்ல” என்றான், நேர்மையாக.

நடுவராக இருந்த பெண்மணியிடம் ஓடினாள். அவர் கையை விரித்தார். “ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாதும்மா.”

“அந்த யானை செக்காவது நிஜமா இருந்துச்சா?”

“எங்க? வழியில உன் மந்திரியே குறுக்க நிக்குது.”

வீடு திரும்பும்போது தம்பி சொல்லிக்கொடுத்தான். “இனி எவனாவது கை நீட்டினா, ‘தோத்துட்டீங்களா’ன்னு கேளு.”

“அப்படிக் கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டாங்களா?”

தம்பி மறுபடியும் தலையில் அடித்துக்கொண்டான்.

நாட்குறிப்பின் கடைசி வரியை எழுதினாள்: நாளை கடைசிச் சுற்று. கறுப்புக் காய்கள், முதல் நகர்வு எதிராளிக்கு. அணியில் இடம் பிடிக்க இனி சமன் போதாது, வெல்ல வேண்டும்.