சாயம் போன மீன்

சரவணம்பட்டியில் புது வீட்டுக்குக் குடிபோன பம்ப்செட் கம்பெனி ஆறுச்சாமி, கூடத்தில் நானூறு லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்து, அதில் ஒரே ஒரு மீனை விட்டார். எம்பரர் ஏஞ்சல். நீல உடம்பில் மஞ்சள் கோடு கோடாக ஓட, பார்க்க வந்தவர்கள் கையிலிருந்த காபியை ஆறவிட்டார்கள். எல்லாம் ஒரே மாதம்தான். நீலம் சாம்பலாகி, மஞ்சள் மங்கி, முதல் சலவையிலேயே வெளுத்த பனியன் மாதிரி ஆகிவிட்டது மீன்.

"சாயம் போட்டு வித்துப்போட்டா அந்தப் புள்ள" என்று ஆறுச்சாமி முடிவு கட்டினார். சாயப்பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தவர், வேறெப்படி நினைப்பார்? நினைத்ததோடு நிற்காமல் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார். மீனை விற்றவள் மதிவதனி. வளர்ப்பு மீன் கடை திறந்து ஆறு மாதம்கூட ஆகாத அவளுக்கு அந்தக் குடியிருப்பில் மூன்று ஆர்டர்கள் இருந்தன. மறுநாளே மூன்றும் நின்றன.

ஆறுச்சாமியின் மனைவி பூவாத்தாளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. தொட்டி வந்த மூன்றாம் நாள் அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்திருந்தாள். கரித்தது. வீடு தேடி வந்த ஜீவனுக்கு இப்படியா தண்ணீர் கொடுப்பது? அன்று முதல், கணவர் கம்பெனிக்குக் கிளம்பியதும், ஒரு சொம்பு உப்புத் தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டு குழாயில் வரும் தித்திப்பான சிறுவாணித் தண்ணீர் ஒரு சொம்பு ஊற்றிவந்தாள். கோயமுத்தூர்க்காரிக்கு அதைவிடப் பெரிய உபசாரம் தெரியாது. நிறம் மங்க மங்க அவளுக்குத் தன் சொம்பின்மேலேயே சந்தேகம் வந்தது. சொன்னால் ஊரே சிரிக்கும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் கடையை மூட வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலையில் மதிவதனி தொட்டியைச் சோதிக்க வந்தாள். விளக்கைப் பார்த்தாள், தீனியை முகர்ந்தாள். உப்பு அளக்கும் கருவியில் ஒரு சொட்டு விட்டு இரண்டு தடவை பார்த்தாள்.

"சார், உப்பு பாதிதானுங்க இருக்குது. வெளிச்சம், தீனி, தண்ணி, இதுல எது கொறஞ்சாலும் நெறம் மங்கிருமுங்க."

"அப்ப நீங்க குடுத்த உப்பே கலப்படமுங்க, அம்மணி." கோபத்திலும் அவருக்கு 'ங்க' மட்டும் நழுவவில்லை.

மதிவதனிக்குக் கண் கலங்கியது. "மீனை நானே எடுத்துக்கறனுங்க. சாயம் போட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க சார்."

பூவாத்தாளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"நாந்தானுங்க. தெனமும் ஒரு சொம்பு சிறுவாணித் தண்ணி ஊத்திப்போட்டேன். பார்க்கப் பாவமா இருந்துச்சுங்க."

கணவர் கத்துவார் என்று காத்திருந்தாள். அவரோ மின்விசிறியை அன்றுதான் புதிதாகப் பார்ப்பவர்போல அண்ணாந்து நின்றார். மதிவதனி மட்டும் மனக்கணக்குப் போட்டாள்.

"அம்மா, இது நானூறு லிட்டருங்க. ஒரு சொம்புக்கு இவ்வளவு எறங்காதுங்க. தெனமும் ஒரு பக்கெட்டாவது மாத்தியிருக்கோணும்."

"சத்தியமா ஒரு சொம்புதானுங்க!"

ஆறுச்சாமி தொண்டையைச் செருமினார். "பக்கெட்டு... அது நானுங்க."

"நீங்களா? எப்பங்க?" என்றாள் பூவாத்தாள்.

"நீ வெடியால வாக்கிங் போனப்பறம். உப்புத் தண்ணிலயே கெடக்குதேன்னு மனசு கேக்கல."

பூவாத்தாளுக்கு முதலில் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. ஊரார் பெற்ற பெண்ணை அழவைத்துவிட்டு, கலப்படம் என்று வேறு சொன்னாரே இந்த மனுஷன்! ஆனால் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பதுங்கிப் பதுங்கி நடந்திருப்பதை நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே மதிவதனியும் சிரித்தாள். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் சில வாரங்களில் நிறம் திரும்பிவிடும் என்றாள்.

"மீன் நெறம் திரும்பீருமுங்க. இந்தப் புள்ள பேரு?" என்று போனை அவர் கையில் திணித்தாள் பூவாத்தாள். "எங்க கெடுத்தீங்களோ அங்கயே சொல்லுங்க."

ஆறுச்சாமி அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். கடைசியில் குழுவில் வந்து விழுந்தது:

"மீன் நல்ல மீனுங்க. கடையும் நல்ல கடை. தண்ணிதான் ரொம்ப நல்ல தண்ணியாப் போச்சுங்க."