துரைக்கு முதல் டம்ளர்

மேல் லயத்துக்காரர்கள் கால் கழுவிய தண்ணீரைத்தான் பணிய லயத்துக்காரர்கள் குடித்தார்கள். இதைச் சொல்ல வெட்கப்பட்டு ஆவதொன்றுமில்லை. நோர்வூட்டுக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில், சரிவின் அடியில் வரிசையாகக் கட்டிய பணிய லயத்து இருபத்துநான்கு ஒற்றை அறைக் காம்பராக்களுக்கும் ஒரே பீலி. ஓடையில் செருகிய ஒரு தகரத் துண்டு, அதற்குப் பீலி என்று பேர். அங்கே வந்து சேர்வதற்குள் மேல் லயத்துச் சாக்கடைக் கானும் மாட்டுப்பட்டிக் கழிவும் ஓடையில் கலந்துவிடும். மழை பிடித்தால் பிள்ளைகளுக்கு வாந்தி பேதி. போன ஆனியில் பூரணியின் மூத்தவள் மீனம்மா இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தாள். ஐந்து வயது.

"தண்ணி சரியில்ல. காய்ச்சிக் குடுக்கணும்" என்றார் தோட்டத்து மருந்துக்காரர்.

"காய்ச்ச வெறகு யாருங்க குடுப்பாங்க?" என்று கேட்டாள் பூரணி.

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மிஞ்சியிருப்பது அழகன் ஒருவன்தான், மூன்று வயது. அவனையும் அந்த ஓடைக்குக் கொடுப்பதில்லை என்று பூரணி முடிவு கட்டிக்கொண்டாள்.

ஏழாம் நம்பர் மலையில் பாறை இடுக்கிலே ஓர் ஊற்று உண்டு. கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடையை இறக்கிவிட்டு அள்ளிக் குடிக்கும் இடம். அதை லயத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவள் சொன்னபோது ஆண்கள் சிரித்தார்கள்.

"மாயாண்டி பொஞ்சாதி மலையவே கட்டி இழுத்தாரப் போகுதாம்டா!" என்றான் அடுத்த காம்பரா ஆண்டியப்பன்.

"நீங்க மீச முறுக்குற நேரத்துல பாதி மலைய வெட்டிரலாம்ணே. ஒங்க வீட்டுல மூணு புள்ளைங்க. அடுத்த ஆனி முடிஞ்சு எண்ணிப் பாருங்க, மூணும் இருக்கானு."

அதற்குப் பிறகு எவனும் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வெட்டினார்கள். வாரமெல்லாம் துரைக்குக் குனிந்த முதுகு, ஞாயிறன்று தனக்காகக் குனிந்தது. ஆண்கள் தேயிலை வேரில் படாமல் குழாய்க்குக் கான் வெட்ட, பெண்கள் கல் சுமந்தார்கள். நோர்வூட் கடைக்கார இப்றாஹிம் நானா, கொல்லையில் கிடந்த பழைய குழாய்களைத் தூக்கிப் போகச் சொன்னார். குழாய் போதாத இடத்துக்கு மூங்கிலைப் பிளந்து போட்டார்கள். லயத்து முகப்பில் சிமெந்துத் தூண் நட்டு, பித்தளைக் குழாய்வாயும் வைத்தாயிற்று. திறக்க வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் செல்லசாமிக் கங்காணி குறுக்கே வந்தார்.

"தொரை வராம எப்புடித் தெறக்குறது?"

"தோண்டுனது நாம. அவரு எதுக்குங்க?"

"அடி போடி. பொங்கப் பானையில மொத அகப்ப யாருக்குப் போகுது? மாரியம்மன் திருநாளுல மொத மால யாருக்கு? அவரு மலையில எடுத்த தண்ணி இது. சொல்லாம செஞ்சா களவு, மால போட்டுச் சொன்னா மரியாத."

லயமே தலையாட்டியது. பூரணிக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் கங்காணி கெட்டிக்காரர். "புள்ளையப் பறிகுடுத்தவ நீ. மொத டம்ளர ஒன் கையாலதான் குடுக்கணும்" என்று போட்டாரே ஒரு போடு! அதில் அவள் கரைந்துபோனாள். மீனம்மாவின் பேரைச் சொல்லி ஒரு மரியாதை நடக்கட்டுமே என்று இருந்துவிட்டாள்.

துரை வந்தார். மேளம், மாலை, எலுமிச்சம்பழம். குழாய் திறந்ததும் தண்ணீர் துள்ளி விழுந்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டன. வெள்ளி டம்ளரில் பிடித்து இரண்டு கையாலும் நீட்டினாள் பூரணி. துரை ஒரு மிடறு குடித்து நின்றார். பிறகு டம்ளரைக் காலி செய்தார்.

"நல்ல தண்ணி. எங்கே இருந்து வருது?"

கங்காணி வாயெடுப்பதற்குள் பூரணியே சொல்லிவிட்டாள். பெருமை யாரை விட்டது? "ஏழாம் நம்பர் மலைங்க தொரை. மாசியிலகூட வத்தாதுங்க."

மாசியில் துரையின் பங்களாத் தொட்டி காய்ந்து துருத் தண்ணீர் வரும் சங்கதி அவளுக்கும் தெரியும். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

பத்தே நாள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை எட்டு ஆண்களைத் தனியே நிறுத்தினார். ஏழாம் நம்பர்க் குழாயைக் கழற்றிப் பங்களாத் தொட்டிக்குத் திருப்ப வேண்டும். எட்டுப் பேரில் பூரணியின் புருஷன் மாயாண்டியும் இருந்தான், ஆண்டியப்பனும் இருந்தான்.

"போனியா?" என்று சாயங்காலம் கேட்டாள் பூரணி.

மாயாண்டி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "போகலைனா பேரை வெட்டிருவாங்க. அப்புறம் காம்பராவ விட்டும் எறங்கணும்."

"பன்னெண்டு ஞாயிறு வெட்டுனதுக்குச் சல்லிக் காசில்ல. புடுங்குனதுக்கு முழு நாள் சம்பளத்துக்குப் பேரு போட்டாங்களா?"

"போட்டாங்க."

அவள் கங்காணியிடமும் போனாள். "நம்ம தண்ணியத் தொரையே குடிக்கிறாருன்னா அது நமக்குப் பெருமதானே புள்ள?" என்றார் அவர். அந்த ஆளுக்கு அதைச் சொல்ல நாக்கு கூசவில்லை.

லயத்து முகப்பில் தூண் மட்டும் நின்றது. பெண்கள் அதில் கயிறு கட்டி ஈரச்சேலை காயப்போட்டார்கள். குடங்கள் பழையபடி ஓடைக்குப் போயின.

ஆனி பிறந்ததும் மழை பிடித்தது. இரண்டாவது வாரம் அழகனுக்கு வயிற்றால் போனது. மத்தியானத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. பூரணி குடத்தை எடுத்துக்கொண்டு பங்களாவுக்கே ஏறினாள். சமையல்கார சிவசாமி பின்கதவைத் திறந்தான். அவனும் பணிய லயத்தில் பிறந்தவன்தான்.

"புள்ளைக்குண்ணே. ஒரு கொடம்."

"லயத்து ஆளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. லயத்துல யார்கிட்டயும் மூச்சு விடாத" என்று முனகிக்கொண்டே குடத்தை நிறைத்தான். "முன்பக்கமாப் போ. பின்னால நாய அவுத்து விட்டிருக்கு. தொரை நிக்கிறாரு, ஒரு கும்பிடு போட்டுட்டா ஒரு கொடத்துக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கோவப்பட்டா என் வேல போயிரும்."

முன்பக்கம் ரோசாப்பாத்தி. மழை ஓய்ந்த இடைவெளியிலும் அதற்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது, இப்றாஹிம் நானா கொடுத்த அதே பழைய குழாய் வழியாக. துரை வராந்தாவில் நின்றார். ஆளை அடையாளம் தெரிந்தது போலும், சிரித்தார்.

"நல்ல தண்ணி!"

கும்பிட இரண்டு கையும் வேண்டும். பூரணி குடத்தைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"ஆமாங்க தொரை" என்று கைகூப்பினாள். "நல்ல தண்ணிதாங்க."

பிறகு குனிந்து குடத்தைத் தானே தூக்கி இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஒரு சொட்டும் தளும்பாமல் இறங்கினாள்.