தோளைப் பார்த்துத் தேறியவர்

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. ஆனால் அரசாங்கப் பதிவேட்டில் அவருக்குப் பாம்புச் செவி.

பதினெட்டு வருடம் பீரங்கிப் படையில் இருந்தவர். ஓய்வுபெற்ற நாளில் எடுத்த சோதனையில் இரண்டு காதும் நூற்றுக்கு நூறு. எப்படி என்று கேட்டால் மனிதர் சிரிப்பார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சோதிப்பவர் ஒலி எழுப்பப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அவருடைய தோள் துளி இறங்குமாம். தோள் இறங்கியதும், சத்தம் கேட்டதுபோல இவர் கையைத் தூக்கிவிடுவார். பீரங்கிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை அது. காது போய்விட்டது என்று எழுதிவிட்டால் பீரங்கியிலிருந்து விலக்கி ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவார்கள். அந்த மானக்கேட்டுக்குப் பயந்து வருடா வருடம் இப்படித்தான் தேறினார்கள். வீட்டுக்குக் கிளம்புகிற அன்றுகூட, பழக்கதோஷத்தில் இவர் தோளையே பார்த்திருக்கிறார்.

அந்தச் சாமர்த்தியம்தான் பின்னால் கழுத்தைப் பிடித்தது. காதுக்கருவி கேட்டு மூன்று முறை மனுப் போட்டோம். மூன்று முறையும் ஒரே பதில்: 'விடுவிக்கப்பட்டபோது செவித்திறன் குறைவில்லை.' வெளியூரில் இருக்கும் மகள் ஞாயிறுதோறும் போன் செய்வாள். அவள் என்ன கேட்டாலும் இவர், "நல்லா இருக்கேன்மா, நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டிவிடுவார். தன் வேலையை இழந்த வாரத்தில் அவள் அழுதுகொண்டே பேசினாள். அதற்கும் அதே பதில். 

அந்தச் சமயத்தில்தான் படைவீரர் நலத் துறை மருத்துவ விதிகளைத் திருத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. வரைவைப் படித்துவிட்டு அறுபது நாளுக்குள் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாமாம். விடுவிப்புச் சோதனையில் தேறியவருக்குக் கருவி கிடையாது என்ற அந்தப் பாழாய்ப்போன வரி வரைவிலும் அப்படியே இருந்தது. தோள் கதையை ஒளிவுமறைவில்லாமல் எழுத உட்கார்ந்தேன். எட்டிப் பார்த்துப் படித்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கவர்மெண்ட்டை ஏமாத்தினேன்னு நீயே எழுதிக் குடுக்கிறியா? பென்ஷனுக்கே உலை வெச்சிடாத!"

"அன்னிக்கு நம்ம பொண்ணு அழுதா. உங்களுக்குத் தெரியுமா?" என்று கத்தினேன்.

கேட்கவில்லை. அதையே ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். படித்தார். பிறகு கடித உறையில் தபால்தலையை அவரே ஒட்டினார்.

மூன்று வாரம் கழித்துத் துறையிலிருந்து போன். விதி எழுதும் பிரிவின் அதிகாரி, ஒரு பெண். 

"அம்மா, அந்தத் தோள் விஷயம், உங்க வீட்டுக்காரர் மட்டும்தானா, இல்ல எல்லாருமேவா?"

"எல்லாரும்தான். ஆனா மத்தவங்க பேரை நான் சொல்ல மாட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். "பேரெல்லாம் வேணாம்மா. நானூத்திப் பன்னெண்டு கடிதம் படிச்சிட்டேன். பீரங்கிக்காரங்க எல்லாருக்கும் காகிதத்துல மட்டும் எப்படிக் காது நல்லா இருக்குன்னு இப்பதான் புரியுது."

"பென்ஷன்...?"

"அதுல யாரும் கைவைக்க மாட்டாங்க. நிம்மதியா தூங்குங்க."

அடுத்த வருடம் இறுதி விதி வெளியானது. பீரங்கிப் பிரிவில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர்களுக்கு, விடுவிப்பின்போது எடுத்த சோதனையை மட்டும் காரணம் காட்டிக் கருவியை மறுக்கக் கூடாது என்று அதில் ஒரு புது வரி இருந்தது. அதை நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. யார் பெற்ற பிள்ளையோ, அந்த மகராசி நன்றாக இருக்கட்டும்.

மறுசோதனைக்கு நானும் கூடப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் தோள் நன்றாகவே இறங்கி ஏறியது. நாற்காலியில் என் வீட்டுக்காரர் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டிருந்தார். அவர் கை மூன்றே முறைதான் மேலே போனது.

கருவி மாட்டிய முதல் ஞாயிறு. போனை வாங்கி, வழக்கம்போல "நல்லா..." என்று ஆரம்பித்தவர் சட்டென நிறுத்தினார்.

"என்னம்மா, சளி பிடிச்சிருக்கா? குரல் கம்மியிருக்கே?"

 அந்தப் பக்கம் அவள் விசும்புவது எனக்கும் கேட்டது.

"அழாதம்மா," என்றார் அவர். "எனக்குக் கேக்குது."