ஆறுமணிக்குருவியும் காக்கைச் சோறும்

அல்சூர் ஏரிக்கு மேற்கே ஞாயிறு இறங்கும் வேளை. நீரின்மேல் செம்மை படர்ந்து, செம்மையின்மேல் கருமை படர்ந்து, நடுவிலுள்ள மண்திட்டுகளில் கொக்கும் நாரையும் அடையத் தொடங்க, படைவீட்டு ஊதுகொம்பின் ஓசை கோயில் மணியோசையோடு கலந்து ஜோகுபாளையத்து ஓட்டுக் கூரைகளின்மேல் தவழ்ந்து சென்றது. வடபுலத்துப் பனிமலைப் போர் முடிந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்த புரட்டாசி அது. மழை விட்டும் விடாமலும் இருந்தது. நகரத்துக் காக்கைகள் எல்லாம் கூட்டங்கூட்டமாய்க் கரைந்தபடி மூங்கிற் புதர்களை நாடிப் பறந்தன. படிக்கும் அன்பரே, அந்தக் காக்கைகளைச் சற்றே நினைவில் வையுங்கள். இக்கதையில் அவற்றுக்கு வேலை உண்டு.

ஜோகுபாளையத்துச் சந்து ஒன்றின் கோடியில், முன்புறம் இடுப்பளவு மதிலும் பின்புறம் நீண்ட தோட்டமும் உடைய சிறு வீட்டில் இரு பெண்டிர் வாழ்ந்தனர். ஒருத்தி முப்பது அகவை நிரம்பிய வள்ளியம்மா. மற்றவள் அவளுடைய மாமியார் சின்னத்தாயி. ஒருத்திக்குக் கணவனும் ஒருத்திக்கு ஒற்றை மகனுமாகிய முனிராஜ், பாலம் அமைக்கும் படைப்பிரிவில் பணிபுரிந்து, பனிமலைப் போருக்குச் சென்றவன், திரும்பவில்லை. இறந்தான் என்று எவரும் உரைக்கவில்லை. காணவில்லை என்றே உரைத்தனர். தாய்க்கு அவன் இறந்தவன். பசித்துத் திரியும் அவனுக்குச் சோறிட்டாக வேண்டும். மனைவிக்கு அவன் வழியில் வந்துகொண்டிருப்பவன். சோறிட்டால் அவனைக் கொன்றதாகும். சென்ற ஆண்டு, நீத்தார்க்குப் படைக்கும் புரட்டாசிக் காருவா எனும் அமாவாசை நாளில், மாமியார் காக்கைக்கு எடுத்துச் சென்ற இலையை மருமகள் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்ததைத் தெருவே பார்த்தது. அதன்பின் அவ்விருவரும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கூரையின்கீழ் உறங்கி, தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசாது நாள் கடத்தினர்.

அந்தத் தோட்டத்தில்தான் ஒரு மாலை, பலாமரத்தடியில், இரு கூறாய் எழுந்து தேய்ந்த ஒரு சீழ்க்கை ஒலி கேட்டது. வள்ளியம்மா ஓசையின்றிச் சென்று எட்டிப் பார்த்தாள். பச்சை முதுகும், மணல்நிற மார்பும், கண்ணில் தீட்டிய மைபோன்ற கருங்கோடும், சிறகில் நீலத் துண்டும், வயிற்றடியில் குருதிச் சிவப்பும் கொண்ட சிறு புள்ளொன்று, அவள் நிழல் கண்டதும் காகிதப்பூப் புதருக்குள் மறைந்தது. ஏரியை விட்டு வழிதவறிய மீன்கொத்தி என்றே அவள் எண்ணினாள். ஆயினும் ஐயம் தீராமல், அடுத்த வீட்டு நோயலை அழைத்தாள். அவர் காக்ஸ் டவுன் பள்ளி ஒன்றில் பாடம் சொல்பவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கழுத்தில் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு ஏரிக்கரையெல்லாம் அலைபவர். பித்தர் என்று தெரு சொல்லும். பறவைப் பித்தால் எவர் குடியும் கெட்டதாக நான் கேட்டதில்லை.

மதிலோரம் நெடுநேரம் அசையாது நின்று பார்த்த நோயல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மீன்கொத்தி இல்லேம்மா. மீன்கொத்தி எங்கயாவது தரையில நடந்து சருகைப் புரட்டுமா? வாலைப் பாருங்க, வெட்டி விட்டாப்பல இருக்கு. இது ஆறுமணிக்குருவி. பொழுது சாயற நேரத்துல கூவுது பாருங்க, அதான் அந்தப் பேரு. வடக்க இமயமலை அடிவாரத்துலேர்ந்து வருது. சித்திரையில திரும்பிப் போயிடும்."

"வடக்கு மலையா சார்? எங்க வீட்டுக்காரரு போன பக்கமா?"

நோயல் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் பொய் இல்லை. ஆனால் அது எத்துணைப் பெரிய வாயிலைத் திறந்துவிட்டது என்பதை அவர் அறியார். "அரிசி, கேழ்வரகு எதுவும் போடாதீங்க, தொடாது," என்றார் தொடர்ந்து. "சருகைக் கூட்டாம விடுங்க. அதுக்கடியில இருக்கற புழுபூச்சிதான் அதுக்குச் சாப்பாடு. தாழ்வான தட்டுல தண்ணி வைங்க. பூனையைக்கூட வெரட்டிடலாம், காக்காதான் பயம். ஊருக்குப் புதுசா ஒண்ணு வந்தாக் கூட்டம் சேந்து கொத்தியே கொன்னுடும்."

அன்றுமுதல் வள்ளியம்மா தோட்டத்தைக் கூட்டவில்லை. பலாவிலையும் கொய்யாவிலையும் விழுந்தவாறே கிடந்து, மழையில் ஊறி, மக்கி மணத்தன. கூட்டாத வீட்டில் மூதேவி குடியேறுவாள் என்று தெருப்பெண்டிர் முணுமுணுத்ததை அவள் பொருட்படுத்தவில்லை. மண்தட்டில் நீர் மாற்றுவாள். பூனையைக் கல்லெறிந்து துரத்துவாள். மாலையில் அந்தச் சீழ்க்கை கேட்கும்வரை விளக்கேற்றமாட்டாள். அவன் கால் பதித்த மலையடியினின்று இத்துணைச் சிறிய உயிர் வழியறிந்து வந்து சேருமாயின், பாலம் கட்டத் தெரிந்த ஆண்மகனுக்கா வழி தெரியாமற் போகும்? பாவம், அவள் உள்ளத்துக்கு அது போதுமான சான்றாயிற்று. குருவி பிழைத்திருக்கும்வரை அவனும் பிழைத்திருப்பான் என்று அவள் தனக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அவள் அறியாதது ஒன்று உண்டு. காருவாவுக்கு முந்தைய நீத்தார் நாள்களில், மருமகள் குழாயடிக்குச் சென்ற வேளைகளிலெல்லாம், சின்னத்தாயி பின்மதிலின்மேல் ஒரு பிடி சோறு வைத்து வந்தாள். சண்டைக்கு அஞ்சியே முன்மதிலை விட்டுப் பின்மதிலைத் தேர்ந்தாள். தாயின் நெஞ்சில் தீங்கில்லை. ஆனால் காக்கைகள் இடத்தைக் கற்றுக்கொண்டன. முதலில் ஒன்று வந்தது. பின்னர் அது தன் இனத்தை அழைத்தது. பின்னர்ச் சோறு இல்லாத வேளையிலும் பலாமரத்தின் உச்சியில் கரிய உருக்கள் கழுத்தைச் சாய்த்துத் தோட்டத்தை நோக்கியிருந்தன. வள்ளியம்மா அவற்றைக் கண்டு காரணம் தெரியாது கலங்கினாள். குருவியின் குரல் நாளுக்கு நாள் தணிந்து, புதரின் ஆழத்திலிருந்து வந்தது.

காருவா நாள் விடிந்தது. வானம் ஈரச் சாம்பலாய்த் தொங்கியது. சின்னத்தாயி தலைமுழுகி, வாழைக்காயும் அவரையும் எள்ளுருண்டையும் சமைத்து, உச்சிவேளையில் வாழையிலையுடன் வெளிப்படையாகவே தோட்டத்துக்கு நடந்தாள்.

"அத்தை, வேணாம்!"

"ரெண்டு வருசம் ஆச்சு வள்ளி. எம்புள்ள பட்டினி கெடக்கறான். நீ பொட்டு வச்சுக்கோ, நான் தடுக்கல. நான் சோறு வைக்கிறதை நீ தடுக்காத."

இலையைப் பின்மதிலில் வைத்து, கரைந்து அழைத்தாள். காக்கைகள் வந்தன. அன்றுவரை வந்ததைவிடப் பெருந்திரளாக வந்தன. ஆனால் சோற்றில் ஒன்றும் வாய் வைக்கவில்லை. நீர்த்தட்டின் அருகே வந்து நின்ற குருவியை முன்னே வந்த காக்கை கண்டுவிட்டது. ஒரு கரைச்சல், அவ்வளவே. தோட்டம் முழுதும் கருஞ்சிறகு அடித்தது. குருவி, ஒரு சிறகு தொங்க, காகிதப்பூ முட்புதருக்குள் புகுந்தது. வள்ளியம்மா துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு ஒருபுறம் விரட்டினாள். அவை மறுபுறம் நுழைந்தன. கையை உள்ளே விட்டாள். முள் கிழித்து முழங்கைவரை குருதி வழிந்தது. குருவியோ இன்னும் உள்ளே ஒடுங்கியது.

தீண்டப்படாத சோற்றைப் பார்த்துச் சின்னத்தாயி மண்ணில் அமர்ந்துவிட்டாள். "தொட மாட்டேங்குதே! பசியோட திரும்பிப் போறானே எம்புள்ள! பொண்டாட்டி போடாத சோறு எறங்கலையே அவனுக்கு!" என்று மார்பில் அறைந்து அழுதாள்.

வள்ளியம்மா புதரைப் பார்த்தாள்; இலையைப் பார்த்தாள். சோறிருக்கும் இடத்துக்குத்தானே காக்கை போக வேண்டும்? இலையை வாரி எடுத்துக்கொண்டு வீட்டை ஊடறுத்து ஓடி, தெருவோரத்து முன்மதிலில் வைத்து, "கா! கா!" என்று அழைத்தாள். ஒன்றும் வரவில்லை. பின்னே குருவியின் கீச்சொலி மெலிந்து கேட்டது. நீத்தாரைப் பெயர் சொல்லி அழைப்பதே அக்குடியின் வழக்கம். கணவன் பெயரைச் சொல்லாதிருப்பதும் அக்குடியின் வழக்கமே. மணந்த நாள்முதல் அவள் நா அப்பெயரை ஒருமுறையும் உரைத்ததில்லை. தெருவிலே பெண்டிர் கூடிநிற்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு, உயிரெல்லாம் குரலாக அவள் கூவினாள்:

"முனிராஜ்! சோறு வச்சிருக்கேன்! வந்து சாப்புடுங்க!"

தோட்டத்து இரைச்சல் அறுந்தது. கூரையைத் தாண்டி ஒரு காக்கை வந்து இறங்கி, அவளை நோக்கி, ஒரு பருக்கையைக் கொத்தியது. அடுத்து இன்னொன்று, அடுத்து அத்துணையும். அவை வந்தது குரலுக்கா, சோற்றுக்கா என்று என்னைக் கேளாதீர், நான் அறியேன். அவள் மதிலருகே நின்று, அவை இலையை வெறுமையாக்கும்வரை மேலும் மேலும் சோறிட்டாள். முன்வாயிலுக்கு வந்த சின்னத்தாயி தன் முந்தானையால் மருமகளின் கைக்குருதியைத் துடைத்தாள்.

மாலையில் இருவரும் ஒன்றாய் அமர்ந்து காத்திருந்தனர். ஊதுகொம்பு ஒலித்தது, கோயில் மணி ஒலித்தது, அதன்பின்னும் தோட்டம் ஊமையாயிருந்தது. இருளில் இலையோடு இலை சேர்ந்த பின்னரே, புதருக்குள்ளிருந்து, உடைந்த குரலில், இரு கூறாய் அந்தச் சீழ்க்கை எழுந்தது. சின்னத்தாயி பெருமூச்செறிந்து திரும்பினாள். வள்ளியம்மா முகம் கழுவி வந்திருந்தாள். நெற்றி வெறுமையாயிருந்தது.

சிறகு தேறிய குருவி சித்திரையில் வடக்கே போயிற்று. அதனிடம் சொல்லி அனுப்ப அவளிடம் ஒரு சொல்லும் இல்லை. ஓர் உயிரைக் காப்பதற்குத் தன் கையிலிருந்த ஒற்றை நம்பிக்கையை அவள் இரையாக வைத்தாள்; அறம் பெரிதும் அவ்வாறே விலை கேட்கிறது. ஆயினும் அடுத்த புரட்டாசியில், மருமகள் முன்மதிலில் சோறு வைக்க, மாமியார் பின்தோட்டத்தில் சருகு கூட்டாமல் காத்திருந்தாள்.