கழுத்துக்கு வந்த கத்தி

படப்பிடிப்பில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லைட் தூக்குகிறவரிலிருந்து இயக்குநர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் ஆயுதக்கா. சண்டைப் படங்களுக்கு ஆயுதம் செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. கோடாரி தூக்கியவன், இரண்டு கையிலும் துப்பாக்கி பிடித்தவன், சங்கிலியைச் சுழற்றியே ஒரு தெருவைக் காலி செய்தவன் என்று திரையில் மார்தட்டிய எத்தனையோ முரடர்களின் கையில் இருந்தது அவள் வார்த்த ரப்பர்தான். ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டால் இவர்களில் பாதிப் பேர் பஸ்சுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரிதான் தெரிவார்கள் என்பது அவள் அபிப்பிராயம். வெளியே சொல்லமாட்டாள். சோறு போடுகிற தொழில்.

வீட்டுக்காரரும் அதே தொழிலில்தான் இருந்தார். ஸ்டண்ட்காரர். ஹீரோ கையால் சாவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மாடியிலிருந்து விழுந்து செத்திருக்கிறார், லாரிக்கு அடியில் செத்திருக்கிறார், ஒரு படத்தில் இடைவேளைக்கு முன்னால் ஒரு தடவையும் தாடி ஒட்டிக்கொண்டு பின்னால் ஒரு தடவையும் செத்திருக்கிறார்.

“இன்னைக்கு எதுல?” என்று அன்று காலையில் கேட்டாள், அவர் சட்டைக்குப் பட்டன் தைத்தபடி.

“கழுத்துல. கத்தி.”

“யார் கையால?”

“நம்ம இரும்புதான்.”

இரும்பு என்பது ஹீரோவுக்கு யூனிட் வைத்த பட்டப்பெயர். அடிபட்டாலும் முகம் சுளிக்கமாட்டான், ஒத்திகையே இல்லாமல் ஒரே டேக்கில் சண்டை போடுவான் என்று பேர். அந்தப் படத்தில் அவனுக்கு முழங்கை நீளத்துக்கு ஒரு வளைந்த கத்தி. ஆயுதக்கா அதில் இரண்டு செய்திருந்தாள். ஒன்று அசல் எஃகு. ஹீரோ ஒரே வீச்சில் வடக்கயிற்றை அறுக்கிற காட்சி இருந்ததால் அதைக் கூராகவே தீட்டியிருந்தாள். இன்னொன்று சண்டைக்கான ரப்பர். பிடிக்குள் மட்டும் இரும்புத்தண்டு வைத்து எடையைச் சமன் பண்ணியிருந்ததால் கையில் பிடித்தாலும் வித்தியாசம் தெரியாது. விளிம்பைத் தொட்டால்தான் தெரியும். அடையாளத்துக்கு எஃகின் பிடிக்குக் கீழே சின்னதாக ஒரு புள்ளி குடைந்து வைத்திருந்தாள்.

காலையில் கயிறு அறுக்கிற காட்சி நல்லபடியாக முடிந்தது. ஹீரோ அந்த எஃகுக் கத்தியை இடுப்பு உறையோடு தன் கேரவனுக்கே கொண்டுபோய்விட்டான். சாப்பாட்டு நேரத்தில் அங்கிருந்து ஒரு துணிப்பொட்டலம் வந்தது. வேறொரு துப்பாக்கிக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவள், பொட்டலத்தை அப்படியே பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சற்று நேரத்தில் சண்டை மாஸ்டர் வந்து மேஜைமேல் கிடந்த மற்ற கத்தியை எடுத்துக்கொண்டு போனார்.

வர்ணம் காய்ந்தது. எஃகைத் துடைத்து எண்ணெய் போட்டுவிடலாம் என்று பெட்டியைத் திறந்து துணியைப் பிரித்தாள். பிடியைத் திருப்பினாள். புள்ளி இல்லை. விளிம்பில் விரலை வைத்தாள். ரப்பர்.

முதலில் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. இருப்பதே இரண்டு. ஒன்று இங்கே ரப்பராக இருக்கிறது என்றால், மாஸ்டர் எடுத்துப்போனது?

எங்கே மாறியது, யார் மாற்றியது என்றெல்லாம் யோசிக்க நேரமில்லை. இந்தக் காட்சியில் கத்தி காற்றை வெட்டிவிட்டுப் போகாது. கழுத்தில் பதிந்து, அழுந்தி, குறுக்கே இழுபட வேண்டும். சட்டைக்குள் மறைத்த குழாயிலிருந்து சாயம் பீச்சும். அப்படியே அவர் பின்னால் இருக்கிற கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு விழ வேண்டும்.

அவள் ஓடினாள். தளத்துக்குள் மழை இயந்திரம் போட்ட இரைச்சலில் அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. சுற்றிப்போனால் கேமரா, தண்டவாளம், வயர்கள். நேராகப் போனால் செட்டின் பின்பக்கம், அந்தக் கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் மங்கலாக இரண்டு உருவம். ஒன்று கையை ஓங்கியிருந்தது. மற்றது, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தை வாகாகக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கழுத்தை அவளுக்குத் தெரியாதா?

கண்ணை மூடிக்கொண்டு சுவருக்குள் பாய்ந்தாள்.

சினிமாக் கண்ணாடிதான், கையைக் கிழிக்காது. ஆனால் விழுந்த சத்தம் நிஜமாகவே இடி மாதிரி இருந்தது. நொறுங்கிய துண்டுகளோடு வந்து புருஷனின் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேருமாகச் சேற்றில் புரண்டார்கள்.

“கட்! கட்! யாருய்யா அது?” இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்து கத்தினார். “ஆயுதக்கா! உங்களுக்கு என்ன பைத்தியமா? அந்தச் சுவரை நிறுத்தறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுச்சு!”

“கத்தி…” என்றாள். மூச்சு வாங்கியது. “தம்பி, கத்தியைக் கீழ போடு! அது அசல்!”

மழையை நிறுத்தினார்கள். ஹீரோ தன் கையையே ஒரு தடவை பார்த்தான். மறு நிமிஷம் பாம்பை உதறுகிற மாதிரி உதறினான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

“அக்கா, நான் முழு பலத்தோட வீசியிருப்பேன்க்கா. அண்ணனே கழுத்தைக் காட்டி நல்லா அழுத்துன்னு சொன்னாரு.”

மாஸ்டர் மெதுவாகக் குனிந்து கத்தியை எடுத்தார். விளிம்பில் கட்டைவிரலை வைத்தார். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து வளைத்தார். கத்தி வில் மாதிரி வளைந்தது.

“ரப்பர்தானே இது?”

ஆயுதக்கா வாங்கிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, அவள் வார்த்ததுதான். அப்படியானால் பெட்டியில் இருந்தது எது? அதைவிட, எஃகு எங்கே?

அந்த நேரம் பார்த்து ஹீரோவின் அம்மா உள்ளே வந்தார். மகனைப் பார்க்க வந்து காலையிலிருந்து கேரவனில் இருந்தவர். கையில் பெரிய தாம்பாளம், அதில் தர்ப்பூசணி. ஒவ்வொரு துண்டும் அளவெடுத்த மாதிரி அவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தது.

“மழைச் சத்தம் நின்னுடுச்சே, சாப்பிடுவீங்கன்னு கொண்டுவந்தேன். ஏன் எல்லாரும் இப்படி நிக்கிறீங்க?”

“அம்மா,” என்றான் ஹீரோ, சேற்றில் உட்கார்ந்தபடியே, “இதை எதால வெட்டினே?”

“உன் கத்தியாலதான். கேரவன் மேஜையில ரெண்டு கிடந்துச்சு. ஒண்ணு தோலைக்கூடக் கீறலை. வெட்டாத கத்தி நமக்கு எதுக்குன்னு அதைத் துணியில சுத்திக் குடுத்தனுப்பிட்டேன். இது பாரு, வெண்ணெய் மாதிரி போகுது!”

ஆயுதக்கா ஹீரோ பக்கம் திரும்பினாள். “ரெண்டா? நான் செஞ்ச ரப்பர் என்கிட்டதானே இருந்துச்சு?”

அவனுக்குக் காது வரைக்கும் சிவந்தது. “நான் வெளியே ஒண்ணு செய்யச் சொன்னேன்க்கா. வீட்டுலயும் கேரவன்லயும் கண்ணாடி முன்னாடி பழகறதுக்கு. ராத்திரி பகலா பழகினாத்தான் எனக்கு ஒரே டேக்ல வரும். உங்ககிட்டக் கேட்டா யூனிட்டுக்கே தெரிஞ்சுடும்னு…”

“அப்போ பேரு மட்டும்தான் இரும்பா?” என்றார் சேற்றுக்குள்ளிருந்து அவள் வீட்டுக்காரர்.

முதலில் சிரித்தது மாஸ்டர். பிறகு கேமராக்காரர். இயக்குநர் கோபத்தைக் கொஞ்ச நேரம் இழுத்துப்பிடித்துப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலியில் விழுந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஹீரோவும் சிரித்தான், அழுதான், எது எதுவென்று தெரியாமல் அம்மாவின் சேலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஆயுதக்கா மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை நேரமாகியும் புருஷனின் இடுப்பைச் சுற்றிப் போட்ட கையை அவள் இன்னும் எடுக்கவே இல்லை.

“விடு, எல்லாரும் பாக்குறாங்க,” என்றார் அவர் காதோரம்.

“பாக்கட்டும்.”

புதுச் சுவர் வைத்து முடிக்க மாலையாகிவிட்டது. அதுவரை எல்லோரும் தர்ப்பூசணி சாப்பிட்டார்கள். ஆயுதக்கா கேரவனுக்குப் போய் எஃகைத் தானே கழுவிப் பெட்டியில் பூட்டினாள். பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்தது தன் தப்பு என்று இயக்குநரிடம் சொன்னாள். “பாத்ததும் ஓடிவந்தீங்களே, அது போதும் எனக்கு,” என்றார் அவர். இரண்டாவது தடவை கத்தியை ஹீரோவிடம் கொடுக்குமுன் எல்லோர் எதிரிலும் தன் மணிக்கட்டில் இழுத்துக் காட்டினாள். ஹீரோவும் இழுத்துப் பார்த்தான். மாஸ்டரும் பார்த்தார். கடைசியில் அவள் வீட்டுக்காரரும் வாங்கித் தன் கழுத்திலேயே ஒரு இழுப்பு இழுத்து, “கூசுது” என்றார்.

அன்றைக்கு அவர் செத்த மாதிரி அதற்கு முன்னால் செத்ததே இல்லை என்று மாஸ்டர் சொன்னார். அவள் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, வெந்நீரில் துணியை நனைத்து, கழுத்தில் காய்ந்திருந்த சிவப்புச் சாயத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வெறும் தோல் தெரிந்தது. ஒரு கீறல் இல்லை. விரலால் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“போதும்மா,” என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டே. “தோல் உரிஞ்சிடப்போகுது.”

“பேசாம இருங்க,” என்று சொல்லி, துணியை மறுபடி வெந்நீரில் முக்கிப் பிழிந்தாள்.