மூன்று மணி நேரக் கை

வரலாற்றில் மட்டும் ஹேமாவதிக்கு ஆறு மார்க்கில் போய்விட்டது. மற்ற பாடமெல்லாம் பாஸ். அப்பா படுக்கையில் விழுந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு, ஏழு வருஷம் புத்தகத்தையே தொடாமல் இருந்தவள், தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதி இவ்வளவு தேறியதே பெரிய காரியம் என்றுதான் அவள் புருஷன் லோகநாதன் நினைத்தான். ஊர் அப்படி நினைக்குமா? பழவேற்காடு ஏரியில் மீன் படாத நாளில் ஊருக்கும் மெல்ல ஏதாவது வேண்டுமே. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அவள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் இறால் உரிக்கிறவள். விடிகாலை வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். எட்டு மணி நேரம் ஐஸ் தண்ணீரில் விரல்கள் ஊறும். பக்கத்தில் நின்று உரிக்கும் மணியம்மாள் கேட்டே விட்டாள்: "இறால் உரிக்கிற கைக்கு இன்னாத்துக்குடி பேனா?"

ஹேமாவதி அடுத்த இறாலை எடுத்து உரித்தாள். பணம் கட்டி விடைத்தாள் நகலை வாங்கினாள். அது போனில் வந்த அன்று லோகநாதனிடம் நீட்டினாள். எட்டாவதோடு நின்றவன் அவன். பதில் சரியா தப்பா என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் கண் இருக்கிறதே. முதல் பன்னிரண்டு பக்கம் அச்சடித்தது போல இருந்தது. அப்புறம் எழுத்து சாய்ந்தது, பெருத்தது, சேற்றில் நண்டு நடந்த தடம் மாதிரி ஆனது. பிறகு எல்லாம் வெள்ளைப் பக்கம்.

"இதெல்லாம் தெரியாம வுட்டியா?"

"எல்லாம் தெரியும்யா. கை புடிச்சிக்கிச்சி. வெரலு அசையவே இல்ல. கடைசி முக்கா மணி நேரம் கடியாரத்தப் பாத்துக்கினு ஒக்காந்துகினு இருந்தேன்." சொல்லிவிட்டு அழுதாள். பெயிலான அன்றுகூட அவள் அழவில்லை.

லோகநாதனுக்கு விஷயம் பளிச்சென்று புரிந்தது. இரண்டு வருஷம் அவன் ஒரு இரும்புக் கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்துவிட்டு மறுபடி படகேறியவன். அன்றைக்குப் படகு தள்ளும் கழியை ஊன்றத் தெரியாமலா போயிற்று? ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை கிழிந்து உட்கார்ந்துவிட்டான்.

"நீ மறக்கல மே. கைதான் மறந்துகீது. அதுக்கு ஒரே வைத்தியம் ஊன்றதுதான், ஒனக்கு எழுதறது."

துணைத்தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. மறுநாளே அவள் தொடங்கினாள். வேன் இறக்கிவிட்டதும் முகம் கழுவி, ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் எட்டு மணிவரை எழுத்துதான். லோகநாதன் போனில் மணி வைத்துக்கொண்டு பரீட்சை ஹால் வாத்தியார் மாதிரி எதிரே உட்கார்ந்தான். அடுப்பும் அவன் பொறுப்பு. குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை என்பது வேறு கதை. பேனா வழுக்குகிறது என்று அவள் சொன்னதும், கத்திப்பிடிக்குச் சுற்றுகிற சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றிக் கொடுத்தான்.

முதல் வாரம் ஒன்றரை மணி நேரத்திலேயே விரல் பூட்டிக்கொண்டது. அவள் நிறுத்தவில்லை. ஒரு நோட்டு தீர்ந்து அடுத்த நோட்டு வந்தது. எழுதும்போது முணுமுணுத்துக்கொண்டே எழுதுவாள். கேட்டுக் கேட்டு அவனுக்கும் பாதி மனப்பாடம். படகில் கூட்டாளி மணவாளனிடம், "பிரான்ஸ் நாட்டு ராஜா தலைய எதுக்கு வெட்னாங்கோ, தெர்மா?" என்று ஆரம்பித்தால், மணவாளன் வலையைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வான்.

அவள் செய்த இன்னொரு காரியம் லோகநாதனுக்கு மணியம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. வலது கை களைக்கக்கூடாது என்று கம்பெனியில் இடது கையால் உரிக்கப் பழகிவிட்டாளாம்! முதல் சில நாள் வழக்கமான எடையில் பாதிகூடத் தேறவில்லை. சூப்பர்வைசரிடம் வசவு. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று முதலில் சிரித்தவளே மணியம்மாள்தான். இப்போது குரல் மாறியிருந்தது: "உன் பொண்டாட்டி மனுசியே இல்லடா லோகு. இப்போ எங்களுக்கு சமமா உரிக்கிறா, எடக்கையில."

அன்று அவன் வீட்டுக்கு வந்து அவள் எழுதுவதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான். இவளைக் கட்டிக்கொள்ள நான் என்ன தவம் செய்தேன் என்று இருந்தது. சொல்ல வெட்கப்பட்டு, அடுப்பைப் பற்றவைக்கப் போனான்.

பரீட்சை பொன்னேரியில். ஒன்றேகாலுக்கு மணி அடித்தது. பிள்ளைகள் கும்பலாக வெளியே வந்தார்கள். ஹேமாவதியைக் காணோம். மறுபடியும் பூட்டிக்கொண்டதோ, உள்ளே அழுதுகொண்டிருக்கிறாளோ என்று, கேட்டுக்கு வெளியே காத்திருந்த அவன் எட்டி எட்டிப் பார்த்தான். கடைசி ஆளாக வந்தாள். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"இன்னா மே?"

"ஒரு கேள்விகூட வுடல."

"பாஸாய்டுமா?"

"அது திருத்தறவங்க பாடு. எனக்குத் தெரிஞ்சத ஒண்ணு பாக்கியில்லாம எழுதிட்டேன்யா."

பஸ் ஸ்டாண்டு அருகே சாப்பிடப் போனார்கள். இலையில் சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. அவள் கை வைத்தாள். விரல்கள் மடங்கவில்லை. மறுபடி முயன்றாள், சோறு இலையிலேயே சிதறியது. "நீ சாப்டு, எனக்குப் பசிக்கல" என்றாள். பசியில் அவள் கண் இருண்டிருந்தது அவனுக்குத் தெரியாதா?

கடை நிறையக் கூட்டம். தெருவில் பெண்டாட்டிக்குப் பத்தடி முன்னால் நடக்கிற ஆள் லோகநாதன். அவன் தன் இலையைத் தள்ளிவிட்டு அவள் இலையில் கை வைத்தான். பிசைந்தான். ஒரு கவளம் உருட்டி அவள் வாயருகே கொண்டுபோனான்.

"யோவ், எல்லாரும் பாக்கறாங்க."

பாத்திரத்தோடு வந்த பரிமாறுகிறவர் நின்றார். "இன்னா நைனா, அவங்க கைல அடியா?"

"அடி இல்லண்ணா," என்றான் லோகநாதன், கடை முழுக்கக் கேட்கும்படி. "பரீட்சை எழுதிட்டு வந்துகீறாங்க. மூணு மணி நேரம், நிறுத்தாம."

ஹேமாவதி வாயைத் திறந்தாள்.